மீஞ்சூர் போய்ச் சேராத கேக்

என் தங்கை, மீஞ்சூரில் ரயில்வே வேலையில் இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வேறு மதம். நான் துறைமுக ஆபீஸில் கிளார்க், பட்டம் வாங்கியவன், ராயபுரத்தில் மாதா கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்ட வீட்டில் அதன்பிறகு நான் மட்டும்தான். பேச ஆள் இல்லாததால் பேப்பரை வாய்விட்டுப் படிப்பேன்.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகிறது. அண்ணன் வந்தால் போதும்." மத்தியான வண்டியில் வருகிறேன், கேக் செய்து கொண்டுவருகிறேன் என்று பதில் போட்டேன். தாய்மாமன் கேக் கொண்டுபோக வேண்டும் என்று எங்களில் வழக்கம் ஒன்றும் கிடையாது. வெறுங்கையோடு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அம்மா கேக் கலக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேனே தவிர, கரண்டியைத் தொட்டதில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைத்து, முட்டை அடித்து ஊற்றி, மைதா சேர்த்து, தகர டின்னில் எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை ரொட்டிக்கடைக்குப் போனேன். ரொட்டி வெந்து இறங்கியபின் மிஞ்சும் சூட்டில் அந்தக் கடை பாய் எங்கள் டின்களை வைத்துக் கொடுப்பார்.

"இன்னா சாரு, நீயே தூக்கினு வந்துக்கீறே? கண்ணாலம் கட்டிக்கினியா? ஒரு வார்த்த சொல்லவேல்ல!"

"இல்ல பாய். ஒரு குழந்தைக்குப் பொறந்தநாள்."

"யாரு கொயந்த?"

"தெரிஞ்சவங்க வீட்டுக் குழந்தை" என்றேன். தங்கை குழந்தை என்று சொல்ல வாய் வரவில்லை.

மேலே போர்த்தும் சர்க்கரைக்கு, ஆபீஸில் உடன் வேலை செய்த ஆங்கிலோ இந்தியரின் மனைவி பக்குவம் சொல்லியிருந்தார். ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸும் சில சொட்டுக் கிளிசரினும் கலந்து, அரைத்துச் சலித்த சர்க்கரையில் ஊற்றிப் பிசைய வேண்டும். முதலில் கையெல்லாம் ஒட்டியது. சர்க்கரை மாவைத் தூவித் தூவிப் பிசைந்ததும் மெழுகுபோல வழிக்கு வந்தது. சப்பாத்தி மாதிரித் தேய்த்து, ஜாம் தடவிய கேக்கின் மேல் போர்த்தினேன். மேலே வழவழப்பாக இருந்தது; ஓரத்தில் புடவைக் கொசுவம்போல மடிப்பு விழுந்தது. அதை மறைக்கச் சுற்றிலும் சின்ன உருண்டைகளை ஒட்டினேன். பீட்ரூட் சாறு கலந்து ஒரு ரோஜா செய்தேன். அது முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த மேஜையில் எனக்கு எதிரே ஏதோ ஒன்று இருந்தது.

அப்பா மீன் ஏலம் எடுத்தவர். கெடக்கூடாதது எதுவானாலும் ஐஸில் வைப்பதுதான் எங்களுக்குத் தெரியும். அவருடைய பழைய ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, ஐஸ் பாளத்தின் மேல் தட்டை வைத்து, கேக்கை உள்ளே வைத்து மூடினேன். மறுநாள் கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்து பார்த்தபோது கல்போல இருந்தது. அட்டைப்பெட்டிக்கு மாற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜில் வண்டி ஏறினேன்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் மடி ஈரமானது. எதிரே காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்தாள்.

"இன்னா நைனா, பொட்டி அயுவுது?"

திறந்தேன். குளிர்ந்திருந்த சர்க்கரை கடற்காற்றில் வியர்த்துப் பிசுபிசுத்துவிட்டது. ரோஜாவின் சிவப்பு வெள்ளையில் ஓடியிருந்தது. உருண்டைகள் நழுவி ஒரு பக்கமாகக் குவிந்திருந்தன.

"அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வச்சினுகீறே? கொயந்தைக்குத்தான? நக்கித் துன்னுட்டுப் போவும்!"

நான் எண்ணூரில் இறங்கிவிட்டேன். தங்கை புருஷன் வீட்டார் முன்னால் இந்தக் கேக்கோடு போய் நிற்பதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பெட்டியைத் திறந்து பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தமல்ல, நிம்மதி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி வந்து, சர்க்கரையைக் கத்தியால் வழித்தெறிந்துவிட்டு, சில நாள் அதையே சாப்பிட்டேன். லேசான மீன் வாடையைத் தவிர, கேக் நன்றாகவே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கை புருஷன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"மச்சானுக்கு உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சான்னு பாத்துட்டு வரச் சொன்னா. அன்னிக்குப் பாப்பாவத் தூக்கிக்கிட்டு, பொழுது சாயற வரைக்கும் பிளாட்பாரத்துலயே நின்னா."

"ஆபீஸ்ல வேலை இருந்தது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆபீஸ் கிடையாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். "சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் கார்டு வரவில்லை. நானும் எழுதவில்லை. அந்தப் பாப்பாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.