தொட்டி வரும் என்று சொன்ன குரல்

மைக் கட்டிய ஆட்டோ தெருவில் போனால், அப்பாவும் இதைத்தானே ஓட்டினார் என்று நீங்கள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஓட்டினேன். ஆனால் பேசியது நான் இல்லை. பேசியவர் போன மாதம் திருத்தங்கலில் காலமானார். துஷ்டிக்குப் போய் வந்ததிலிருந்து அவரைப் பற்றி உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நான் எட்டாவது வரை படித்தவன். அவர் இருந்தால் இதில் பாதியை அடித்துவிடுவார்.

மாதத்தில் இரண்டு நாள் வானொலி நிலையத்துக்குப் போய்க் கிராம நிகழ்ச்சியில் பேசுவார். மற்ற நாளில் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் உட்கார்ந்து, கட்சிக்காரர்களுக்கு நோட்டீஸும் மேடைப் பேச்சும் எழுதிக் கொடுப்பார். தேர்தல் வந்தால் என் ஆட்டோவில் ஏறி, தான் எழுதியதைத் தானே மைக்கில் வாசிப்பார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவர் குரல் தெரியாத தெரு கிடையாது. முகம்தான் யாருக்கும் தெரியாது. கடையில் வாய் திறந்து டீ கேட்ட பிறகுதான் ஆள் யாரென்று திரும்பிப் பார்ப்பார்கள்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நம் வீட்டுக்கு வருவார். உங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழல் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருட்டி உருவிப் போடும் வேலை. சீசனில் தலை நிமிர நேரம் இருக்காது. இவர் ஓரமாக உட்கார்ந்து தாளை வாசிப்பார். கண் மட்டும் அவர்கள் கையிலேயே இருக்கும். எந்த வரிக்குக் கை நிற்கிறதோ அது தேறிய வரி. கை நிற்காமல் ஓடினால் பேனாவை எடுத்து அடித்துவிடுவார்.

நம் ஊராட்சித் தலைவர் இரண்டாவது முறையாகத் தேர்தலில் நின்ற வருஷம். பெரியவன் அப்போது இடுப்புக் குழந்தை. தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி வரும் என்ற வரியை இவர் நம் வீட்டில் உட்கார்ந்து வாசித்தார். ஒரு கையும் நிற்கவில்லை. குரலை ஏற்றி மறுபடியும் வாசித்தார். உங்கள் அம்மா உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"போன தடவையும் இதத்தான சொன்னீக அண்ணே?"

"நான் என்ன தாயி செய்ய? தலைவர் சொல்லச் சொன்னாரு, சொன்னேன்."

"அவுகள யாரு பாத்தா? எங்க காதுக்கு வந்தது ஒங்க குரல்தான். சரி, அத எழுதினது யாரு?"

"நாந்தான்."

"பெறகென்ன. குடத்தத் தூக்கிக்கிட்டு ரெண்டு தெரு நடக்கையில எங்களுக்கு ஒங்க நெனப்புத்தான் வருது."

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்குக் கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். ஆட்டோவில் வரும்போது, அந்த வரியை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். தலைவர் விட மாட்டார் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இந்தத் தெருவில் என் குரல் செல்லாமல் போய்விட்டது, இனி இங்கே நான் என்ன சொன்னாலும் காற்றுதான் என்றார். குரலைத் தவிர அவருக்குச் சொத்து என்று எதுவும் கிடையாது.

மறுநாள் காலை பிரச்சாரம். தலைவர் ஜீப் பின்னால் வந்துகொண்டிருந்தது. நம் தெரு முக்கில் இவர் என்னை ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். மைக்கை வாங்கி, எப்போதும் பேசுகிற அதே நிதானத்தில் பேசினார்.

"போன தேர்தல்ல இந்தத் தெருவுக்குத் தொட்டி வரும்னு சொன்னது நான். எழுதினதும் நான், வாசிச்சதும் நான். தொட்டி வரல. அதே வரி இன்னைக்கும் என் கையில இருக்கு. இத நான் வாசிக்க மாட்டேன். தலைவர் பின்னால வாராரு. அவுக வாயாலயே கேட்டுக்கோங்க."

தலைவர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, மைக்கில் விழாத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏலே, ஒனக்குச் சம்பளம் குடுக்கது நானா, இந்தத் தெருக்காரவுகளா?"

இவர் மைக்கை அவரிடமே நீட்டினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் வாங்கித்தான் ஆக வேண்டும். தொட்டி கட்டித் தருவேன் என்றார். எந்த மாசம் என்று ஒரு பெண் கேட்டாள். மாசி என்றார். மாசி என்று தெருவே திருப்பிச் சொன்னது.

மறுநாள் முதல் வேறு ஆட்டோ, வேறு ஆள். எனக்கும் சேர்த்துத்தான் கல்தா. தலைவர் ஜெயித்தார். மாசியில் பெண்கள் ஊராட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். சித்திரையில் தொட்டி எழுந்தது. திறப்பு விழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததில் அவருக்கு வருத்தமும் இல்லை. தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு கட்சிக்காரர்களுக்கு எழுதினார், ஆனால் ஒரு வாக்குறுதியையும் தன் வாயால் வாசிக்கவில்லை. அதை நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும் என்று கறாராக இருந்தார். அதனால் வேலை குறைந்தது. மதிப்புக் குறையவில்லை.

தொட்டி வந்த அந்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்காகத் தனி பஸ் விட்டார்கள். அதைச் சொல்ல அவரை ஏற்றிக்கொண்டு நம் தெருவுக்குள் வந்தேன். காலை ஐந்து மணிக்கு முக்கில் பஸ் நிற்கும் என்றார். அவ்வளவுதான் வரி. நம் வீட்டு வாசல் வழியாக உள்ளே பார்த்தேன். உங்கள் அம்மா கம்பியைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களைக் கையமர்த்திக்கொண்டிருந்தாள்.

"பேசாம இருங்க. அண்ணன் நேரம் சொல்லுதாக."

அத்தனை கையும் நின்றிருந்தது. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அதே வரியைச் சொல்லிவிட்டு, வண்டியை எடு என்றார்.