கௌதாரி அலமாரி கலைந்த கதை

அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அவர் கௌதாரி அக்கா. பாடம் செய்த கௌதாரிகள் அடுக்கிய அலமாரியை இருபத்தாறு வருடமாகக் கவனிப்பவர். அது மட்டும்தான் அவர் வேலை.

ஒரு நாள் மரபணு ஆய்வு முடிவு வந்தது. கௌதாரி என்று ஒரே குடும்பம் கிடையாதாம். சில காட்டுக்கோழிக்குப் பங்காளி, சில காடைக்குச் சொந்தம், மிச்சம் வான்கோழிப் பக்கம். வெவ்வேறு வழியில் வந்தவை, புல்வெளியில் ஒரே மாதிரி பிழைத்து ஒரே சாயலுக்கு வந்துவிட்டன. இயக்குநர் பறவைகளைக் கோழி, காடை, வான்கோழி என்று மூன்று அறைகளுக்கு அனுப்பினார். அக்காவை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

"எங்க புள்ளைங்கள இத்தனை வருஷம் வளர்த்துக் குடுத்தீங்க, ரொம்ப நன்றிக்கா" என்றார் கோழி அறைக்காரர்.

"பூச்சி மருந்து வைக்க மறந்துடாதீங்க தம்பி. அப்புறம் அலகு மட்டும்தான் மிஞ்சும்."

மறுவாரம் கல்லூரி மாணவிகள் வந்து கௌதாரி எங்கே என்று கேட்டார்கள். கோழி அறை காடை அறைக்குக் கைகாட்டியது. காடை அறை வான்கோழி அறைக்கு. அங்கிருந்து நேரே இயக்குநர் அறைக்குத்தான் அனுப்பினார்கள். அவர் வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டார்.

"கௌதாரின்னு தனியா ஒண்ணு இல்லைன்னு இவங்களுக்குச் சொல்லுங்கம்மா."

"சொல்றேன் சார். ஆனா அந்த இல்லாதது மூணு ரூம்ல இருக்கே, அதையும் காட்டிட்டு வந்துடறேன்."

சுற்றி வர ஒன்றரை மணி நேரமானது. அதற்குள் இன்னொரு கூட்டம் வாசலில் கௌதாரியைக் கேட்டு நின்றது. இயக்குநர் பணிநிறுத்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோழி அறைக்காரர் முணுமுணுத்தபடியே அக்காவுக்காகத் தன் அறைக்கு இன்னொரு சாவி செய்யக் கொடுத்தார்.