அவன் வண்டி மட்டும் நிற்பதில்லை

அந்தப் பையன் எங்களைக் கடந்து போனாலே எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அவன் வண்டியும் என் வண்டியும் ஒரே மாடல் பைக், இரண்டுமே கார்புரேட்டர் காலத்துப் பழசு. அவனுடையது இன்னும் கிழடு. ஆனால் மே மாத வெயிலில் நடுரோட்டில் நிற்பது என் வண்டி மட்டும்தான்.

ஆந்திர எல்லையில், நாகலாபுரத்திலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு நானும் என் மனைவியும் மதிய ஷிஃப்டுக்குப் போவோம். எனக்கு ஒரு குடோனில் வேலை. அவள் ஏசி தயாரிக்கும் கம்பெனியில், லைனில் நிற்கிறாள். அந்தப் பையனும் அவள் லைன்தான். பக்கத்து ஊர், தெலுங்கு வீடு, தமிழும் நன்றாகப் பேசுவான். வழியில் சத்தியவேட்டில் மோர் குடிக்க ஐந்து நிமிஷம் நிறுத்துவோம். வினையே அந்த ஐந்து நிமிஷத்தில்தான். ஓடும்வரை காற்றுப்பட்டுச் சமாளிக்கிற இன்ஜின், நின்றதும் சூட்டையெல்லாம் மேலே அனுப்பும். பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது என்றார் மெக்கானிக். எத்தனை உதைத்தாலும் வண்டி இருமிவிட்டு அடங்கிவிடும். இன்ஜின் ஆறும்வரை நிற்க வேண்டியதுதான்.

அப்போதுதான் சொல்லி வைத்தாற்போல் அவன் வருவான். வண்டியை ஓரங்கட்டி, "ராக்கா, டைமாவுது" என்று தெலுங்கு கலந்து அவளை வரச்சொல்லிக் கூப்பிடுவான். லேட்டானால் லைனில் அவள் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் போ என்பேன். வேறென்ன சொல்வது? அவன் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். அதையும் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். வாய்க்கு வாய் அக்கா என்கிறவனிடம் என்னவென்று சண்டை போடுவது? மோர்க்கடைக்காரர் வேறு, தம்பி நல்ல பையன் என்பார்.

அந்த வெயில் காலம் முழுக்க நான் வண்டியோடு மல்லுக்கட்டினேன். டேங்க்தான் சூடாகிறது என்று முடிவுகட்டி, அதன்மேல் கோணியை நனைத்துப் போட்டேன். பிரியாணிப் பொட்டலத்து அலுமினியத் தாளைச் சேர்த்து வைத்து டேங்க்குக்கு அடியில் ஒட்டினேன். லீவு நாளில் திருப்பதிக்கே ஓட்டிப்போய்ப் பெரிய மெக்கானிக்கிடம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவக் கொடுத்தேன். மறுநாளே சத்தியவேட்டில் நின்றது. தாளும் கோணியுமாக நான் உதைத்துக்கொண்டிருக்க, அவன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் போய் ஏறிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் பெட்ரோல் பங்கில் அவனைப் பார்த்தேன். மானம் ரோஷத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, உன் வண்டிக்கு என்னதான் செய்தாய் என்று கேட்டேன். அவன் சந்தோஷமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காட்டினான். டேங்க்கிலிருந்து வரும் குழாயை நீளம் குறைத்து இன்ஜினில் படாமல் தள்ளிக் கட்டியிருந்தான். இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் தகரத்தை மடித்து ஒரு தடுப்பு. அவ்வளவுதான். என் வண்டியைக் குனிந்து பார்த்தேன். குழாய் நீளமாகத் தொங்கி, இன்ஜின் தலைமேலேயே சாய்ந்து கிடந்தது.

எந்த மெக்கானிக் செய்தது என்று கேட்டேன்.

"நாந்தான் அண்ணா. அக்காதான் சொல்லிச்சு. பைப்பு இஞ்சின்மேல சாஞ்சிக்கினு கீது, உள்ள பெட்ரோலு கொதிச்சு முட்ட முட்டயா வருது பாருன்னுச்சு. எங்க லைன்ல ட்யூப சூட்டுல பட உடமாட்டாங்க இல்ல?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊரான் வண்டிக்கு வைத்தியம் சொல்லத் தெரிகிறது, புருஷன் வண்டி கண்ணில் படவில்லையா என்று கத்தினேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"மொதல்ல உங்கிட்டதான் சொன்னேன். மோர்க்கடையாண்ட. உனக்கு இன்னா தெரியும், தள்ளி நில்லுன்ன. அவங்கிட்ட சொன்னேன், இன்னா பண்லாம் அக்கான்னு கேட்டான்."

சொன்னாளா? சொல்லியிருப்பாள். எனக்கு ஞாபகமே இல்லை.

அன்றே குழாயை வெட்டினேன், தகரம் வைத்தேன். இப்போது எங்கே நிறுத்தினாலும் ஒரே உதையில் வண்டி கிளம்புகிறது. அவள் என் பின்னால்தான் வருகிறாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு. அவன் கையாட்டிவிட்டுக் கடந்து போகிறான். ஆனாலும் பாழாய்ப்போன வயிறு முன்னைவிட அதிகமாக எரிகிறது. எட்டு மணி நேரம் இரண்டு பேரும் ஒரே லைனில் நிற்கிறார்கள். எனக்குச் சொல்லி, நான் காதில் வாங்காமல் விட்ட இன்னும் எதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கிறாளோ.