கரையில் நிற்கிற அனிஷா

பாலக்கரையில் லூர்துராணி ஒரு ஸ்கூலில் பி.டி. மிஸ். விசில் ஊதினால் மைதானமே நிமிர்ந்து நிற்கும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்ன மகராசன் யாரோ! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓட, தாண்ட, நீந்தச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய மூத்த மகள் அனிஷா நீச்சல் தெரியாமல் கொள்ளிடத்தில் மூழ்கிப்போனாள். அன்றிலிருந்து இளையவள் பெலிண்டாவுக்கு ஸ்கூல் விட்டால் வீடு, வீட்டுக்கு வெளியே பூட்டு. விளையாட்டா? மூச்.

அப்போதுதான் அந்தக் கேள்வித்தாள் வேலை வந்தது. ஓடுவது, குதிப்பது, நீந்துவது இதிலெல்லாம் தான் எப்படி என்று குழந்தையே சொல்ல வேண்டும். கேள்விக்கு இரண்டு படம். "இது நான்" என்று ஒன்றைத் தொட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் செய்தது. அதைத் தமிழாக்கும் பொறுப்பு லூர்துராணிக்கு. அதில் இருந்த நீச்சல் குளத்தை எடுத்துவிட்டுக் கொள்ளிடக் கரையைப் போடச் சொன்னாள். ஒரு பெண் நீந்துகிறாள், இன்னொருத்தி கரையில் நிற்கிறாள். நம்மூர் முகமாக ஒரு போட்டோ வேண்டும் என்று ஓவியர் ஆசீர் கேட்டார். அனிஷாவின் போட்டோவைக் கொடுத்தாள். பெத்த மனசு, யார் குறை சொல்வது? கரையில் நின்றவளுக்கு அந்த முகம் வந்தது.

அடுத்து, பிள்ளைகளுக்கு என்ன புரிகிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். திருவெள்ளறையில் ஒரு சிறுமி கரையில் நின்றவளைத் தொட்டாள்.

"இந்த அக்கா தங்கச்சியைக் கூப்பிடுறாங்க மிஸ்."

படத்தில் வாய் மூடித்தான் இருந்தது. தங்கச்சி என்று யாரும் இல்லை. பிள்ளைகள் எதையாவது சொல்லும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு பச்சைமலை. ஆற்றையே பார்க்காத பிள்ளைகள். அங்கேயும் அதே பேச்சு. ஒருவன் மட்டும், "ரொம்ப நேரமாக் கூப்பிடுறாங்க மிஸ், பாவம்" என்றான்.

லூர்துராணி படத்தைப் பைக்குள் திணித்தாள். வேலையை நடத்துகிற செந்தமிழன் போனில், "படம் குழப்புதுங்க மேடம், முகத்தை மாத்திடலாம்" என்றார். யார் முகம் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கோ வேறு பயம். தங்கச்சியை எங்கே கூப்பிடுகிறாள்? ஆற்றுக்கா? ஒன்றைக் கொடுத்தது போதாதா, மாதாவே!

வீட்டுக்கு ஓடிவந்தாள். பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. திறந்து உள்ளே போய்ப் படத்தை பெலிண்டா முன்னால் வைத்தாள்.

"அக்கா உன்னைக் கூப்பிடுறாளா?"

"அது முன்னாடிம்மா. இப்பக் கத்துக்குடுக்குறா."

பெலிண்டா தரையில் குப்புறப் படுத்துக் காலை அடித்தாள். முட்டி மடங்கவில்லை, இடுப்பு ஆடவில்லை. தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்கினாள். பாத்ரூம் வாளியைத் தவிரத் தண்ணீரே தெரியாத பிள்ளை! லூர்துராணி கிட்டே போனாள். காலடியில் ஆற்று மணல் நெறுநெறுத்தது.

"அவளுக்கே நீச்சல் தெரியாதேடி!"

"அப்புறமாக் கத்துக்கிட்டாளாம். ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்த அம்மாவுக்கு நமக்குச் சொல்லிக்குடுக்க எங்க நேரம்னு சிரிக்கிறா."

லூர்துராணி அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து, பூட்டையும் சாவியையும் குப்பைக்கூடையில் போட்டாள்.

"நாளைக்கே குளத்துக்குப் போவோம்டி. நானே சொல்லித்தரேன்."

பெலிண்டா வாசல் பக்கம் திரும்பி, எதற்கோ காது கொடுத்தாள்.

"சரிம்மா. அக்காவும் வரலாமான்னு கேக்குறா."