தம்புசாமி வாங்கிய தூரக்கண்ணாடி

1943-இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஆண்கள் லோரிச் சத்தத்துக்கு அஞ்சினார்கள். லோரி வந்து நின்றால், சயாமில் தண்டவாளம் போடுவதற்கு ஜப்பானியர் யாரையோ பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போனவர்கள் திரும்புவது அரிது. எங்கும் பெயர் பதியாமல் சும்மா இருப்பவனே முதலில் அகப்படுவான். அவர்கள் நாட்டைப் பிடித்த பிறகு வேலை போன தம்புசாமி அந்த நிலையில்தான் இருந்தார்.

அதற்கு முன் இருபது வருடங்களுக்கு மேல் அவர் ரயில்வே அளவைப் பிரிவில் இருந்தார். மூன்று கால்களில் நிற்கும் லெவல் கருவியின் குழாயில் கண்ணை வைத்து, தூரத்தில் ஒருவன் பிடித்திருக்கும் அளவுக் கட்டையின் எண்களைப் படித்துச் சொல்வது அவர் வேலை. அந்தக் குழாயில் உலகம் தலைகீழாகத் தெரியும். கட்டை பிடித்தவன் வானத்திலிருந்து தொங்குவான். முதல் வாரம் தலை சுற்றியது என்று சொல்வார். பிறகு அது தலைகீழ் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கண் தருவதை மனம் திருத்திக்கொள்கிறது, திருத்தியதையும் மறந்துவிடுகிறது. இதைத் தடித்த புத்தகங்களில் படித்து நான் தலையாட்டியிருக்கிறேன். ஓர் ஆளிடம் நேரில் பார்த்தது இவரிடம்தான்.

இந்திய விடுதலைக்கென்று ஆள் சேர்த்த பயிற்சி முகாம் ஒன்று ஊருக்கு வெளியே ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தம்புசாமி பெயர் பதிய அங்கே போய் நின்றார். சுடப் பழக்கும் ஹவில்தார் ரெங்கசாமி அவருடைய நரைத்த தலையையும் சற்றே இழுத்து நடக்கும் இடது காலையும் பார்த்து, படைக்கு ஆகாது என்றார். தம்புசாமி நகரவில்லை. முன்பு என்ன வேலை என்று ஹவில்தார் கேட்க, இவர் சொன்னார். அது ஹவில்தாருக்கு வேறொன்றை நினைவூட்டியது. சுடும் திடலில் தூரக்கண்ணாடி இல்லை. குண்டு எங்கே பட்டது என்று அறிய, ஒவ்வொரு தடவையும் ஒருவன் குறிப்பலகை வரை ஓட வேண்டியிருந்தது. தோட்டாவும் அருமை. பணத்தை யாரும் மதிக்காத நேரம் அது; முகாமில் கொடுக்க முடிந்தது அரை மூட்டை உப்பு. அந்த விலைக்குள் நல்ல கண்ணாடியாகப் பார்த்து வாங்கி வந்தால் திடல் வேலையாளாக அவர் பெயரை எழுதிக்கொள்வதாகவும், உதவாததைக் கொண்டுவந்தால் இந்தப் பக்கமே வரக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

கிள்ளானில் ஜெய்னுதீன் முன்பு துணிக்கடை வைத்திருந்தவர். துணி வரத்து நின்றதும், துறைமுகத்தில் எது ஒதுங்கினாலும் வாங்கி விற்றார். அவரிடம் இரண்டு தூரக்கண்ணாடிகள் இருந்தன. ஒன்று கப்பல்காரர்களின் பித்தளைக் கண்ணாடி, இழுத்தால் நீள்வது. அதற்கு முழு மூட்டை உப்பு கேட்டார். இன்னொன்று உடைந்த லெவலிலிருந்து கழற்றிய குழாய். அதற்கு அரை மூட்டை போதும் என்றார்.

தம்புசாமி முதலில் பித்தளைக் கண்ணாடியால் ஆற்றின் அக்கரையைப் பார்த்தார். முகம் சுளித்தார். திருகிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார்.

"என்ன பாய் இது, எல்லாம் நேரா தெரியுது?"

"நேரா தெரிஞ்சா நல்லதுதானேண்ணே?"

"எங்க நல்லது? கண்ணாடி இல்லாமலே நேராத்தானே தெரியுது. இதுல ஏதோ கோளாறு இருக்கு, பாய்."

பிறகு குழாயை எடுத்தார். படகுகளும் கிட்டங்கியும் மேலே தொங்க, ஆறு அதற்கும் மேலே ஓடியது. இதுதான் சுத்தமான கண்ணாடி என்று அவருக்கு நிம்மதி வந்தது. கைக்கு எட்டாத விலையில் இருந்த பொருளிடம் குறை கண்டுபிடிக்க மனம் விரைந்திருக்கவும் கூடும். ஜெய்னுதீன் ஒரு முறை அதில் கண்ணை வைத்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு உப்பை உள்ளே எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை ஹவில்தாரே குழாயில் கண்ணை வைத்தார். வட்டம் போட்ட பலகையும் பின்னாலிருந்த மண்மேடும் மட்டுமே அதில் தெரிந்தன. முதல் பையன் சுட்டான். குண்டு பலகையின் இடது மேல்மூலையில் பட்டதாகக் கண்டு, கீழேயும் வலப்பக்கமாகவும் தள்ளிக் குறிவைக்கச் சொன்னார். அடுத்த குண்டு இன்னும் விலகியது. இன்னும் தள்ளச் சொன்னார். மூன்றாவது பலகையையே விட்டுவிட்டு மண்மேட்டில் புகுந்தது. பையன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். அவன் சுடத் தெரியாதவன் இல்லை.

தம்புசாமி பக்கத்தில் வந்து, தாம் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்துவிட்டு, குண்டுகள் வலது கீழ்மூலையில் அல்லவா பட்டிருக்கின்றன என்றார். ஹவில்தார் இல்லை என்றார். எல்லோரும் பலகைக்கு நடந்தார்கள். வலது கீழ்மூலைதான்.

அதற்குப் பிறகுதான் குழாயின் தலைகீழ் விஷயம் வெளிப்பட்டது. பலகையைத் தலைகீழாக மாட்டினால் என்ன என்று ஒருவன் யோசனை சொன்னான். மாட்டினார்கள். வட்டம் வட்டமாகவே இருந்தது. ஹவில்தார் மனத்துக்குள் மாற்றிப் பார்த்துச் சொல்ல முயன்றார். மேல் கீழை மாற்றினால் இடது வலதை மாற்ற மறந்துபோனார். கடைசியில் குழாயை எடுத்துத் தம்புசாமியின் கையில் வைத்தார்.

"நீங்க இல்லாம இங்க வேலை ஆகக் கூடாதுன்னு, வேணும்னே இத வாங்கினீங்களா, பெரியவரே?"

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வெளியேறத்தான் வேண்டும் என்று தம்புசாமிக்குப் பட்டது.

"அவ்வளவு மூளை இருந்தா கட்டை பார்த்தே காலம் போயிருக்குமா, ஐயா? நேரா தெரிஞ்சது ஒண்ணு இருந்துச்சு. கோளாறுன்னு நெனச்சு வெச்சிட்டு வந்துட்டேன்."

முதலில் சிரித்தது அந்தப் பையன். ஹவில்தார் அவனை முறைத்தார். முறைப்பு நிலைக்கவில்லை, அவரும் சிரித்துவிட்டார். மிச்சமிருந்த தோட்டாக்களைத் தம்புசாமி பார்த்துச் சொல்லச் சொல்லச் சுட்டார்கள். பையனின் கடைசிக் குண்டு நடுவட்டத்தின் ஓரத்தைக் கிழித்தது. அன்று மாலையே தம்புசாமியின் பெயர் ஏறியது. முகாமின் முத்திரை குத்திய அடையாளச் சீட்டு ஒன்றும் கையில் கிடைத்தது.

அவர் மனைவி பவுனம்மாள் இதைக் கேட்டு வீட்டு வரிசை முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் அந்தக் குழாயிலதான் பாத்திருப்பாரு" என்றாள்.

அந்த மாதமே லோரி வந்தது. தம்புசாமி திடலில் இருந்தார். பவுனம்மாள் சீட்டைக் காட்டினாள், வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கே ராதாகிருஷ்ணனிடம் காட்ட எதுவும் இல்லை. சட்டை மாட்டிக்கொள்ள மட்டும் விட்டு, லோரியில் ஏற்றினார்கள்.

தம்புசாமியைச் சாமர்த்தியசாலி என்று நான் சொல்ல மாட்டேன், அவரே ஒப்பமாட்டார். திரும்பி வந்து செய்தி கேட்டவர் மரவள்ளிக்கிழங்கைத் தொடாமல் எழுந்து, ராதாகிருஷ்ணனின் வாசலில் போய் உட்கார்ந்தார். உள்ளே அந்த மனிதரின் மனைவி குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் கிழங்குத் தட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனாள்.