ஒரு கேன் பெட்ரோலும் கோதண்டபாணி அவர்களும்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் உப்புநீரின் அடர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சங்கத்துக் கார் வந்து நின்றது. டிரைவர் ஏழுமலை கதவருகே தயங்கினார். “மேடம், நம்ம இன்ஜினியர் சார் விடியக்காலம் போயிட்டாருங்க. தூக்கத்துலயே.”

எங்கள் மரக்காணம் உப்புத் தொழிலாளர் சங்கத்தின் பம்புகளைப் பராமரித்தவர் திரு. கோதண்டபாணி. அவரைப் பற்றி எழுதும்படி சங்கம் என்னைக் கேட்டிருக்கிறது. புகழ்ந்து எழுதி எனக்குப் பழக்கமில்லை. பல ஆண்டுகள் பக்கத்து அறைகளில் வேலை பார்த்தோம், பெரும்பாலும் வாதாடினோம். ஆகவே கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த முதல் நாளே டீசல் அளக்க என்னிடம் கண்ணாடிக் குடுவை கேட்டார். மறுத்தேன். “மேடம்கிட்ட ஒரு டம்ளர்கூட கடன் கெடைக்காது போல” என்று சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் வேறொன்றைக் கேட்க வந்தார்.

சென்ற ஆண்டு சங்கத்துக் காரை விற்பது என்று முடிவானது. உப்பளக் குடியிருப்புகளில் பிரசவம், பாம்புக்கடி என்றால் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓட அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது. ஆனால் பெட்ரோல் விற்கும் விலையில் அது குடிக்கிற குடியைச் சங்கத்தால் தாங்க முடியவில்லை. கோதண்டபாணி அவர்கள் தலைவரிடம் அந்தக் குடியைக் குறைத்துக் காட்ட ஒரு வாய்ப்பு கேட்டார்.

“டேங்கை வடிச்சிட்டு ஒரு கேன் ஊத்துவோம்” என்றார் தலைவர். “திண்டிவனம் போய்த் திரும்பிடுச்சின்னா கார் இருக்கட்டும். வழியில நின்னா வித்துடலாம். சரிதானே?”

“சரிங்க” என்றவர் நேரே என் அறைக்கு வந்தார். கையில் கட்டைவிரல் அளவில் ஓர் உலோகத் துண்டு. வெளிநாட்டுக் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த அவருடைய அக்கா மகன் அனுப்பியது, ஆக்ஸிஜன் சென்சார். எரிந்து வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறதா என்று அது மின்னழுத்தமாகச் சொல்லும். பெட்ரோல் கூடினால் மீட்டரின் முள் ஏறும். காற்று கூடினால் விழும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் இருக்கும் விளிம்புதான் சரியான கலவை.

“சாதா வோல்ட்மீட்டர் வெச்சா இதோட கரண்டையே குடிச்சிடும். உங்க பி.எச். மீட்டர் குடுங்க மேடம், அது கரண்டைத் தொடாம அளக்கும்.”

“பெட்ரோல்ல ஈயம் இருக்கு சார். கொஞ்ச நாள்ல இந்த சென்சார் செத்துடும்.”

“அப்போ அது சாகறதுக்குள்ள கேட்டுக்கணும்” என்றார். அவர் கண்கள் மின்னின. மீட்டரை நானே தூக்கிக்கொண்டு போனேன். அவர் கையில் தர எனக்கு மனமில்லை.

புகைக்குழாயில் துளையிட்டுச் சென்சாரை முடுக்கினார். இன்ஜின் சூடேறிய பிறகும் முள் அடிமட்டத்திலேயே கிடந்தது. காற்று அதிகம் என்று பொருள். கார்புரேட்டரின் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினார். முள் அசையவில்லை. இன்னும் கூட்டினார். கரும்புகை கிளம்பி எங்கள் கண்கள் எரிந்தன.

“ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது” என்றேன். “புகை பொய் சொல்லாது.”

“ஒரு நாளு வீணாப் போச்சே” என்று ஏழுமலை முனகினார்.

கோதண்டபாணி அவர்கள் ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்தார். பிறகு ஈரச் சாக்கைப் புகைக்குழாயின் வாயில் அழுத்தினார். காருக்கு அடியில் எங்கோ புஸ்ஸென்று சத்தம் கேட்டது. உப்புக்காற்று அரித்த இணைப்பில் ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. ஊரில் இரும்பு எதுவும் உருப்படியாக இருக்காது என்று தெரிந்த நாங்கள் அந்தக் குழாயை மட்டும் நம்பியிருக்கிறோம்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புப் பாத்திக்குள் ஓடினார். வரப்பு அடைக்கும் களிமண்ணை அள்ளி வந்து ஓட்டையில் அப்பி, தகரத்தைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினார். இன்ஜின் சூட்டில் களிமண் வெந்து ஓடானது. முள் துள்ளி எழுந்தது.

“மேல” என்றேன். திருகைக் குறைத்தார். “இன்னும் மேலதான்... விழுந்துடுச்சு, இதான் விளிம்பு!” என் குரல் உயர்ந்ததை ஏழுமலை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

சோதனை நாளில் மீட்டரை மடியில் வைத்துப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். போகும்போதே ஓமந்தூர் தாண்டி கோதண்டபாணி அவர்கள் இரண்டு முறை நிறுத்தித் திருகைச் சரிசெய்தார். திரும்பும் வழியில் நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புக் குவியல்கள் தெரிந்தபோது ஏழுமலை, “வந்துட்டோம் சார்” என்றார். “வாயை மூடிக்கினு ஓட்டுப்பா” என்றார் இவர்.

சங்க வாசலில் கார் நின்றது. இன்ஜின் நிற்கவில்லை.

“ஆஃப் பண்ணுப்பா, போதும்” என்றார் தலைவர்.

“இருங்க, அதுவா நிக்கட்டும்” என்றார் கோதண்டபாணி அவர்கள். பாத்தியிலிருந்த பெண்கள் உப்பு வாரும் பலகைகளைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்தார்கள். கார் ஓடிக்கொண்டே இருந்தது. தலைவர் டீ வாங்கி வரச் சொன்னார். நாங்கள் டீ குடித்து முடித்த பிறகுதான் இன்ஜின் ஒருமுறை குலுங்கி அடங்கியது. கோதண்டபாணி அவர்கள் கையிலிருந்த டீ அப்படியே இருந்தது.

சில வாரங்களில் சென்சார் செத்து, முள் அசைவதை நிறுத்திவிட்டது. கழற்றிவிடலாமே என்றேன். “இருக்கட்டும் மேடம். சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சு. அதுக்குப் போட்ட ஓட்டையையாவது அடைச்சிக்கினு இருக்கட்டும்.”

செவ்வாய் மாலை அவரை எடுக்கும் நேரத்தில் உப்பளக் குடியிருப்பிலிருந்து ஆள் ஓடி வந்தது. ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி. ஏழுமலை, கோதண்டபாணி அவர்களின் மனைவியைப் பார்த்தபடி நின்றார். “போப்பா” என்றார் அந்த அம்மா. “அவரு இருந்தா உன்னைத் திட்டியிருப்பாரு.”

சாவியின் முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. புகை இல்லை. பறை அடித்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். திண்டிவனம் சாலையில் அந்தச் சத்தம் தேயும் வரை எல்லோரும் நின்று கேட்டோம்.

போய் வாருங்கள், சார். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது.