அணு போர்டைக் காப்பாற்றிய கதை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்குள் நுழைய நானே மறுத்துவிட்டேன். மாட்டுங்காவில் பாதிப் பேருக்கு இதற்குள் விஷயம் தெரிந்திருக்கும். மீதிப் பேருக்காக இந்தப் பத்தி.

அன்று மத்தியானம் ஃபோர்ட்டில் எங்கள் ஆபீஸ் ரெக்கார்ட் ரூமில் ஒயர் உருகித் தீப்பிடித்தது. விளக்கெல்லாம் அணைந்தது. புகை... கண்ணைத் திறக்க முடியவில்லை. படிக்கட்டுக் கதவுக்கு மேலே மட்டும் பச்சையாக ஒரு வெளிச்சம் — 'எக்ஸிட்'. எங்கள் மேனேஜர் சீமையிலிருந்து கொண்டுவந்து மாட்டிய போர்டு. கரண்ட் வேண்டாம், பாட்டரி வேண்டாம், தானாகவே ஒளிரும். அதைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் இறங்கினோம்.

இறங்கினவன் சும்மா இருந்தேனா? 'ஐயோ, மேனேஜர் போர்டு!' என்று திரும்ப மேலே ஓடினேன். பதினெட்டு வருஷ குமாஸ்தா புத்தி, வேறென்ன! ஸ்டூல் போட்டுக் கழற்றும்போது கை நழுவியது. உள்ளே இருந்த கண்ணாடிக் குழாய் உடைந்தது. சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, இருமிக்கொண்டே கீழே வந்தேன்.

"அதை ஏன் ஓய் தொட்டீர்? உள்ளே இருக்கறது டிரிட்டியம் வாயு. அணு சமாச்சாரம்!" என்றார் ஹெட் கிளார்க்.

பொறுக்கிய சில்லுகளை ஆபீஸ் வாசலிலேயே போட்டுவிட்டேன். என்னைப் பற்றிய பயம் இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, என் மனைவி மங்களத்துக்கு இப்போதுதான் ஏழாவது மாதம்.

சாவு வீட்டிலிருந்து வந்தவன் மாதிரி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றேன். "கிட்டே வராதே! வாளியில தண்ணி வெச்சுட்டு உள்ளே போ."

"ஐயோ, யார் போயிட்டா?"

"யாரும் போகலை. ரேடியேஷன்!"

மூன்று வாளி தலையில் ஊற்றிக்கொண்டேன். அப்படியும் உள்ளே போக மனசு வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மங்களம் அழ ஆரம்பித்தாள்.

நல்லவேளை, மேல் மாடி கோபாலன் டிராம்பே அணு நிலைய ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கதிரியக்கப் பாதுகாப்புதான் அவருக்கு உத்தியோகம். ஈர வேட்டியோடு நான் சொன்னதைக் கேட்டார்.

"சார், அந்த வாயு காத்தைவிட லேசு. திறந்த ஜன்னல் வழியா புகையோட போயிருக்கும். தீயில எரிஞ்சாலும் நீராவிதான் ஆகும். அதோட கதிர் தோலைத் தாண்டாது. மூச்சுல கொஞ்சம் போயிருந்தாலும் ஒண்ணுக்கோட வெளியே வந்துடும், நிறைய மோர் குடிங்கோ. சில்லைத் தொட்டது தப்பு, அதை எங்க ஆளுங்க வந்து எடுக்கட்டும். காலம்பற ஒரு பாட்டில்ல சாம்பிள் குடுங்கோ, டெஸ்ட் பண்ணிடலாம். மாமிக்கு ஒண்ணும் ஆகாது."

பிறகு முகம் மாறிக் கேட்டார்: "அது கிடக்கட்டும், புகையில எத்தனை நேரம் இருந்தேள்? ஆளைக் கொல்றது அதுதான். முதல்ல டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டுங்கோ."

"இறங்கினப்போ ரெண்டு நிமிஷம்... திரும்பப் போனப்போ ஒரு அஞ்சு..." என்று முணுமுணுத்தேன். மங்களம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

டாக்டர் நெஞ்சு சரியாக இருக்கிறது என்றார். மறுநாள் காலை சாம்பிள் கொடுத்துவிட்டு, மூன்று நாள் மோராகக் குடித்தேன். வெள்ளிக்கிழமை கோபாலன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, "பயப்பட ஒண்ணுமே இல்லை சார்!" என்று கத்தினார். அப்பாடா! தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். மங்களமும் அழுதாள், சிரித்தாள், சாமிக்கு விளக்கேற்றினாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"ஏன்னா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். 'வெளியே போ'ன்னு எழுதியிருக்கற போர்டை எடுக்க எதுக்குன்னா உள்ளே போனேள்?"

பதில் தெரிந்த வாசகர்கள் ஒரு கார்டு போடுங்கள்.